எருமை வாங்கப் போன கதை

உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தபோது நான் படிப்பு முடித்த சூடு ஆறாதவள். யாரையும் சாகவிடக் கூடாது என்பதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

நெல் மண்டியில் மூட்டை தூக்கிய ஒருவர் வயிற்றில் புற்றோடு படுத்திருந்தார். பட்டணத்து டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். நான் விடவில்லை. குளுகோஸ் ஏற்றினேன், கஞ்சி தவிர எதுவும் கூடாது என்றேன்.

ஒருநாள் அவர் மனைவி வராந்தாவில் என்னை மடக்கினார். "அவரு பொழைக்க மாட்டாருன்னு எனுக்குத் தெரியும் டாக்டரம்மா. அவராண்ட சொல்லிடாத. பயந்துடுவாரு."

அந்த அம்மா வெந்நீர் வாங்கப் போனதும் அவர் என்னைக் கூப்பிட்டார். "நான் பூடுவேன்னு தெரியும்மா. எம் பொஞ்சாதியாண்ட சொல்லாத. அளுதுகினே கெடக்கும்."

இருவருக்கும் தலையாட்டிவிட்டேன். அப்புறம்தான் அவஸ்தை. கட்டிலருகே நான் போகும்போதெல்லாம், உடம்பு தேறியதும் எருமை வாங்குவது பற்றி இருவரும் பேசுவார்கள். பேச்சிலேயே எருமைக்குக் கொட்டகை போட்டாயிற்று, அது கன்றும் போட்டாயிற்று. இருவரும் சாட்சிக்கு என் முகத்தைப் பார்ப்பார்கள். ஒருநாள் என்னால் முடியவில்லை.

"ரெண்டு பேரும் தனித்தனியா எங்கிட்ட ஒரே விஷயத்தைத்தான் சொன்னீங்க. நீங்களே பேசிக்குங்க."

சொன்ன பிறகு பயம் வந்தது. அந்த அம்மா புருஷனையே பார்த்தார்.

"உனுக்குத் தெரியுமா? அப்பறம் இன்னாத்துக்குய்யா எருமை, எருமைன்னு கதை வுட்டுக்கினு இருந்த?"

"நீதான கன்னுக்குட்டிக்குப் பேரு வெச்ச!"

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். பக்கத்துக் கட்டில்காரரும் சேர்ந்துகொண்டார்.

அப்போதுதான் அவரைக் கேட்டேன், என்ன வேண்டுமென்று. அதுவரை கேட்கத் தோன்றவில்லை.

"வூட்டுக்குப் போவணும். வெரால் மீன் கொழம்பு துன்னணும்."

பெரிய டாக்டரிடம் சொன்னேன். "வலி தெரியாம பாத்துக்கோ. போகட்டும்" என்றார்.

ஏரிக்கரை ஓரம் அவர்கள் வீடு. தினமும் சாயங்காலம் போய் மார்பியா ஊசி போட்டேன். குழம்பு நாலு வாய்தான் இறங்கியது. உப்பு பற்றிய சண்டை மட்டும் நாள் முழுக்க நடந்தது. மண்டி ஆட்கள் வந்து சீட்டாடினார்கள். நான் ஊசி போட்ட பிறகும் உட்கார்ந்திருப்பேன்.

மழை விட்ட ஒரு காலையில், மனைவி மடியில் தலைவைத்தபடி அவர் போனார். செய்தி கேட்டு ஓடினேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வலியில்லாம பூட்டாரும்மா. பேச வேண்டியதெல்லாம் பேசிட்டோம்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நாஷ்டா ஆச்சா?"

இல்லை என்றேன். பக்கத்து வீட்டிலிருந்து இட்லி வரவழைத்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் விடவில்லை.