நான் படிக்காமல் விட்ட பட்டியல்

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். எங்கே சின்ன ர போட வேண்டும், எங்கே பெரிய ற போட வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. சொந்த வீட்டிலும் அப்படித்தான்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த வீட்டுக்கு ஒன்பது பங்காளிகள். ஆளுக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு. எல்லோரும் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். பங்கு வீட்டில் ஒரு முறை உண்டு. பொது இடத்தில் ஓர் ஆணியைப் பிடுங்குவதானாலும் ஒன்பது பேரையும் கேட்க வேண்டும். ஒரு மழைக்காலத்தில், முற்றத்தில் இற்றுப்போன கம்பிக் கொடி ஒன்றை அவிழ்ப்பதற்கு நான் பதினொரு நாள் போன் போட்டேன். அதன் மறுமுனை யார் சன்னலில் கட்டியிருக்கிறது, அவிழ்த்தால் அதோடு எது கழன்று வரும் என்று பார்த்துச் சொன்ன பிறகுதான் சரி என்றார்கள். கேட்காமல் கை வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை முதலில் எழுதினேன்.

என் மகள் பிளஸ் டூ படித்தபோது பள்ளியில் அவளுக்கு ஒரு மடிக்கணினி கொடுத்தார்கள். அதில் லினக்ஸ் இருந்தது. கல்லூரி முடிக்கும் வரை அதைத்தான் வைத்திருந்தாள். பொழுது போகாத நாளில் எனக்கும் சொல்லிக்கொடுப்பாள். கருப்புத் திரையில் எழுதுகிற கட்டளைகளை ஒரு நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். நான் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி ஒரு விரலால் அடிப்பேன்.

"அப்பா, நீக அடிச்சு முடிக்கிறதுக்குள்ள கரண்டு போயி கரண்டு வந்துரும்" என்பாள்.

கணினிக்குள் இருக்கிற மென்பொருள் சாமான்களை நீக்குவதில் இரண்டு வகை என்று அவள் சொன்னது எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது. "சும்மா நீக்குனா ஆளு போயிருவாரு, அவரு பொட்டி படுக்கை மூலையில கெடக்கும். முழுசா நீக்குனா எல்லாம் போயிரும்." எனக்கு இரண்டாவதுதான் சரி என்று பட்டது. ஓர் அறையை ஒழித்தால் ஒட்டடை வரை அடித்து, தண்ணீர் ஊற்றிக் கழுவித்தான் நான் சாவியைக் கொடுப்பேன். என் வேலைப் பழக்கம் அது.

வைகாசியில் அவளுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து நேர்காணல் வந்தது. சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கணினியில் முகம் பார்த்துப் பேச வேண்டும். கைபேசியில் வரக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். ஆறு மாதமாக விண்ணப்பம் போட்டு, அவளுக்கு வந்த முதல் அழைப்பு அதுதான்.

வெள்ளிக்கிழமை கல்லலில் என் மைத்துனர் வீட்டில் காதுகுத்து. மகள் கிளம்பும்போது கணினியைத் திறந்து பார்த்து அலுத்துக்கொண்டாள். "இடமே இல்லப்பா. கூடவே வந்த ஆபீஸ் சாமானெல்லாம் அடைச்சுக்கிட்டு கெடக்கு. நான் தொட்டதே இல்ல. சாயந்தரம் வந்து மொத்தமா தூக்கணும்."

அவளும் என் மனைவியும் போய்விட்டார்கள். நான் வீட்டில் இருந்தேன். பிள்ளை அலைந்து களைத்து வருவாள், வருவதற்குள் செய்து வைப்போம் என்று தோன்றியது. இந்த வயதில் அவளுக்கு நான் செய்யக்கூடியது என்று கணினியில் வேறு என்ன இருக்கிறது?

நோட்டில் இருந்த கடவுச்சொல்லையும் கட்டளையையும் பார்த்து இரண்டு விளையாட்டுகளை முழுதாக நீக்கினேன். ஒழுங்காகப் போயின. கடிதமும் கணக்கும் எழுதுகிற ஆபீஸ் தொகுப்பு அப்படி இல்லை. ஒரே பெயருக்குப் பின்னால் வால் வாலாக முப்பது உருப்படிக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றாக அடித்தால் பொழுது சாய்ந்துவிடும். நோட்டின் வேறொரு பக்கத்தில், நட்சத்திரக் குறி போட்டால் அந்தப் பெயரில் தொடங்குகிற கோப்பெல்லாம் வரும் என்று எழுதியிருந்தாள். அது கோப்புகளைத் தேடுவதற்கு எழுதியது. இதற்கும் அதுதான் என்று நினைத்து, முதல் ஐந்து எழுத்தை அடித்து நட்சத்திரம் போட்டேன். நீக்குகிற கட்டளையில் அந்தக் குறி வேறு பெயர்களையும் சேர்த்து இழுக்கும் என்று எனக்குத் தெரியாது.

திரை முழுக்கப் பெயர்கள் ஓடின. நின்றதும் மேலே தள்ளிப் பார்த்தேன். மூன்று திரை அளவுக்கு இருந்தது. 'இவையெல்லாம் நீக்கப்படும்' என்று தலைப்பில் ஆங்கிலத்தில் இருக்கும், அது எனக்குத் தெரியும். எழுத்துக் கூட்டிப் படித்தால் ஆபீஸ் என்று வருகிற பெயர்கள் கொஞ்சம்தான், மற்றவை வேறு வேறு பெயர்கள் என்று அப்போதே கண்டிருக்கலாம். முதல் இரண்டு வரியைப் படித்தேன். ஆபீஸ் என்று இருந்தது. கடைசியில் நீக்கலாமா என்று கேட்டிருந்தது. ஒய் என்ற எழுத்தைத் தட்டினேன்.

ஓர் ஆணிக்கு ஒன்பது பேரைக் கேட்கிறவன், அங்கே மூன்று திரைப் பெயர்களில் ஒன்றைக்கூட யார் என்று கேட்கவில்லை.

கால் மணி நேரம் வரி வரியாக ஓடியது. பாதியில் மூலையில் இருந்த இணையக் குறி மறைந்தது. பிறகு கீழே வரிசையாக இருந்த குறிகள் போயின. நிறுத்த எனக்குத் தெரியவில்லை. அணைத்துப் போட்டேன். கருப்புத் திரையும் பெயர் கேட்கிற ஒரு வரியும்தான் வந்தன. மறுபடி அணைத்துப் போட்டேன். அதேதான். மூடி, இருந்த இடத்தில் இருந்தபடி வைத்துவிட்டு, வாசலைக் கூட்டினேன். காலையில் கூட்டிய வாசல்தான்.

ஐந்து மணிக்கு வந்தார்கள். அவள் திறந்து பார்த்தாள்.

"அப்பா, யாரும் இதத் தொட்டீகளா?"

"இல்ல ஆத்தா. தானா நின்னுபோச்சு போல."

அந்தச் சொல் எப்படி வந்தது என்று தெரியவில்லை. பேச்சு வராத எனக்கு, பொய் தங்குதடையில்லாமல் வந்தது. அவள் பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்து உள்ளே போய் ஏதேதோ எழுதிப் பார்த்தாள். இணையமே போய்விட்டதால் எதையும் திருப்பிப் போட முடியவில்லை. ஓரிடத்தில் கை நின்றது. திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அம்மா, அப்பா மத்தியானம் சாப்புடலபோல. சோத்தப் போடுங்க."

மறுநாள் காரைக்குடியில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு அவளைக் கூட்டிப்போனேன். உள்ளே ஜெராக்ஸ் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. நான் கதவோரம் நின்றேன். "சார், கேக்குதா சார்?" என்று நாலு தடவை கேட்டாள். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாள். பஸ்ஸில் சன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். வேலை கிடைக்கவில்லை.

என் மனைவி அவளைத்தான் திட்டினாள். "மொத நாளு என்னத்தையோ நோண்டி வச்சிட்டுக் காதுகுத்துக்கு வந்திருக்கா. கறிக்கொழம்பு எங்குட்டு ஓடிப்போகப் போகுது?" அதன்பின் சொந்தக்காரர் யார் வந்து கேட்டாலும் இதே கதைதான். மகள் ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. "ஆமா, என் தப்புதான்" என்றுகூட ஒரு நாள் சொன்னாள். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

அந்த வாரமே அவள் தோழியிடம் ஏதோ வாங்கி வந்து கணினியைச் சரி செய்துவிட்டாள். படங்கள் ஒன்றும் அழியவில்லை. பாடங்களும் இருந்தன. போனது அந்தச் சனிக்கிழமை மட்டும்தான்.

போன வாரம் அவள் அதே தோழியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் அடுத்த அறையில் இருந்தேன்.

"எது போச்சுன்னு தெரியலைனா பயப்படாதடி. நீக்குனது பூராவும் ஒரு கோப்புல எழுதியிருக்கும். என்ன கட்டளை, எந்தத் தேதி, எத்தனை மணி, நிமிசம், எல்லாம். நான் அதப் பாத்துத்தான சரி பண்ணுனேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் கல்லலில் இருந்தாள். அவள் கை நின்ற இடம் அந்தக் கோப்புதான். அந்த நட்சத்திரத்தையும் மணியையும் அன்றைக்கே பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் எனக்குச் சோறு போடச் சொல்லியிருக்கிறாள். மூன்று மாதமாக அம்மாவிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறாள்.

என் மனைவி எட்டாவது வரை படித்தவள். என்னைவிட நன்றாகப் படிப்பாள். சாக்கோட்டைச் சந்தைக்குப் போயிருக்கிறாள். வந்ததும் மகளையும் பக்கத்தில் உட்காரச் சொல்லி, இந்தத் தாளை மனைவி கையில் கொடுக்கப் போகிறேன். ஏதாவது கேட்டால் எழுந்து போகக் கூடாது என்று இப்போதே எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அந்தக் கோப்பில் தேதியும் மணியும் இருக்கின்றன. இதிலும் போட்டுவிடுகிறேன்.

ஆவணி பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே கால் மணி.