வெள்ளிக்கிழமை நூற்று நாலு டிகிரி

பள்ளி விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு, என் இளைய மகளின் வாயிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தேன். நூற்று நாலு டிகிரி. ஏழு வயதுக்காரி. வாய் காலியானதும் பிஸ்கோத்து எங்கே என்று கேட்டாள்.

எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளைகளுக்குத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். தலையில் நீர் கோத்துக்கொள்ளுமோ என்ற பயம். ஏழாம் வகுப்பு வரை படித்து, பினாங்குக்கு வந்தபின் இரண்டு வருடம் தமிழ்ப் பள்ளியில் பாடமும் சொல்லிக் கொடுத்தவள் நான். பயத்தைக்கூட எண்ணாகப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. அந்தக் கருவியை வேறு யாரும் தொடக்கூடாது. பார்த்து முடித்ததும் நானே உதறி, பாதரசத்தை இறக்கி, உறையில் போட்டு அலமாரியில் வைப்பேன். வைக்கும்போதே உதறிவிடுவதால் எடுக்கும்போது உதறுவதில்லை. இப்போதெல்லாம் எடுக்கும்போதும் உதறுகிறேன், இரண்டு தடவை.

பதின்மூன்று வயதுப் பெரியவள் அன்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். பொருள்கள் ஒன்றோடொன்று மோதினால் சூடு பிறக்கும் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருந்தாள். ஓர் ஆணியை அம்மிமேல் வைத்துச் சுத்தியலால் முப்பது அடி அடித்துத் தங்கையின் முழங்கையில் ஒற்றினாள். சின்னவள் போட்ட கூச்சலில் நான் அடுப்பை விட்டு ஓடி வந்தேன்.

"அடிச்ச அடியெல்லாம் ஆணிக்குள்ள சூடா போயிருச்சும்மா" என்றாள் பெரியவள்.

"உனக்கு ரெண்டு போட்டா நீயும் சூடாவியா, பாப்போமா?" என்று சுத்தியலைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

சுத்தியல் போனதும் அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்கிறாள். பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவின் கணவர் மீன்வலை விற்பவர். அவரிடம் வலையில் கட்டும் ஈயக் குண்டுகள் இரண்டு கைப்பிடி வாங்கி வந்து, தன் மார்பளவு நீளமுள்ள மூங்கில் குழாயில் போட்டு, இரு முனையையும் துணியால் அடைத்தாள். பிறகு குழாயைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பி நிறுத்தினாள். ஒவ்வொரு திருப்பலுக்கும் குண்டுகள் சடசடவென்று விழுந்தன. சின்னவள் எண்ணிக்கொண்டிருந்தாள். இருநூறைத் தாண்டியது என் காதில் விழுந்தது. நெருப்பில்லை, ஆணியில்லை, விளையாடட்டும் என்று எண்ணெய் காய்ச்சப் போனேன். அதற்குப் பிறகுதான் குளியல். குளியலுக்குப் பிறகு நூற்று நாலு.

நெற்றியைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. வெளியே குளிர்ந்து உள்ளே கொதித்தால் அது உள்காய்ச்சல். மறுபடி வாயில் வைத்தேன். நூற்று நாலு. அக்குளில் வைத்தேன். பாதரசம் மயிரிழைகூட அசையவில்லை. ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் காய்ச்சலை நான் கேள்விப்பட்டதே இல்லை. மூன்று போர்வையை எடுத்து அவளைப் போர்த்தினேன்.

போன மாதம்தான், சுங்கை பினாங்கில் எங்கள் சந்தின் கடைசி வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று எழுதி, சுகாதார இன்ஸ்பெக்டரின் ஆட்கள் தூக்கிக்கொண்டு போய், எதிரே கடலில் இருக்கும் சின்னத் தீவில் தனியே வைத்தார்கள். தாயை உடன் விடவில்லை. திரும்பி வந்த குழந்தை தாயிடம் போகாமல் வாசலிலேயே நின்றதை நான் பார்த்தேன். மருத்துவமனையில் டாக்டருக்கு உதவியாக இருக்கும் டிரஸரைக் கூப்பிட்டால், காய்ச்சலை அவர் இன்ஸ்பெக்டருக்கு எழுதியாக வேண்டும். கூப்பிடாமல் விட்டால் பிள்ளை என்ன ஆவாள்? என் கணவரோ வேலையாக அக்கரையிலுள்ள புக்கிட் மெர்தாஜாம் போயிருந்தார்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, மொகம் வெளுத்துக் கெடக்கு?"

சொன்னேன்.

"காய்ச்சக்கார புள்ளையா இது? நாலு பிஸ்கோத்து முழுங்கிருச்சு."

"உள்காய்ச்சல்க்கா."

"உள்ளயோ வெளியயோ, டிரஸர கூட்டியாறேன்லா" என்று என் பதிலுக்குக் காத்திராமல் நடந்துவிட்டார்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றாள் பெரியவள்.

"பேசாத. போய் கஞ்சி வை."

கஞ்சியோடு வந்தும் அதையே சொன்னாள். "அம்மா, அந்தத் தெர்மாமீட்டரு..."

"அதத் தொட்டா கையொடிச்சுருவேன்."

மூன்று போர்வைக்குள் வியர்த்துக்கொண்டிருந்த சின்னவள் பெரியவளைப் பார்த்துச் சிரித்தாள். காய்ச்சல் தலைக்கேறிவிட்டது என்று நான் அழ ஆரம்பித்தேன்.

ஐந்தே முக்காலுக்கு டிரஸர் சைக்கிளில் வந்தார், பக்கத்து வீட்டு அக்கா பின்னாலேயே மூச்சு வாங்க நடந்து வந்தார். "எழுதிறாதீங்க, ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்" என்றேன். அவர் என் தெர்மாமீட்டரை வாங்கி மூன்று முறை உதறினார்.

"நான் உதறித்தான் வச்சிருந்தேன்."

"இருக்கட்டும்க்கா." போர்வைகளை விலக்கிவிட்டு, சின்னவள் வாயில் வைத்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "தொண்ணூத்தெட்டரை. இதக் கடைசியா யாருக்கு வச்சீங்க?"

"மூங்கிலுக்கு" என்றாள் பெரியவள். "நாந்தான் வச்சேன். சூடு எவ்வளவு ஏறுதுன்னு பாக்க. பாத்துட்டு உதறாம அப்படியே உறைல போட்டுட்டேன். ரெண்டு வாட்டி சொல்ல வந்தேன்மா."

என்னைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். டிரஸர் அந்தக் குழாயைக் கொண்டு வரச் சொல்லி, சட்டைக் கையை மடித்துவிட்டு, தானே திருப்ப ஆரம்பித்தார். சின்னவளும் பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்து எண்ணினார்கள். இருநூற்று ஐம்பதில் நிறுத்தி, கீழ்முனைத் துணியை லேசாக விலக்கி, ஈயத்துக்குள் தெர்மாமீட்டரைச் செருகினார். நூற்று மூன்று. தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். அதைப் பார்த்ததும் நான் சின்னவளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

அவர் எதுவும் எழுதாமல் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"புள்ளைக்கு ஒண்ணுமில்லக்கா. ஆனா இந்த மூங்கில வெளிய கொண்டு போயிறாதீங்கலா. இன்ஸ்பெக்டர் பாத்தா இதத் தீவுக்கு அனுப்பிருவாரு."