பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்

லோர்னா நிஸ்கலா இருபத்தொன்பது வருஷமாகப் பிள்ளைகளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டு வந்தாள். தலை எவ்வளவு வலிக்கிறது, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல். வந்த பதில்களில் பாதிக்கு மேல் பொய் என்பது அவளுக்குத் தெரியும். ஹெமட்டா உயர்நிலைப் பள்ளியில் ஐஸ் ஹாக்கி ஆடுகிற பிள்ளை வலிக்கிறது என்று வாய் திறந்தால் சனிக்கிழமை ஆட்டத்தில் இறங்காமல் பெஞ்சில் உட்கார வேண்டும். அதனால் அந்த ஊரில் யாருக்கும் வலிப்பதில்லை. ஒரு வருஷம், கண் இரண்டும் இரண்டு திசையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன், சுவரைப் பார்த்து மிகுந்த மரியாதையோடு "பூஜ்யம்" என்றான்.

அவள் வேலைக்கு ஊரில் சரியான பெயர் கிடையாது. டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, கோச்சும் இல்லை. கணுக்காலுக்குக் கட்டுப் போடுவாள், தோள்பட்டையில் ஐஸ் பையை வைத்துக் கட்டுவாள், அடிபட்டவர்கள் ஆடலாமா கூடாதா என்று சொல்வாள். கட்டுப் போடும்வரை எல்லாருக்கும் அவளைப் பிடிக்கும். கூடாது என்று சொன்ன அன்றைக்குக் கடையில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் 'கறுப்புத் திரை' என்று ஒரு பெயரும் உண்டு. அது அவளாகச் சம்பாதித்தது.

அவள் படித்த காலத்தில், தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தால் மூளைக்கு ஓய்வு கொடு என்று சொல்லித்தந்தார்கள். அவள் நல்ல மாணவி. ஒரே பக்கத்தில் ஒரு தாள் தயாரித்து, பள்ளி முத்திரை வைத்து, அடியில் கையெழுத்துப் போட்டுப் பெற்றோரிடம் கொடுப்பாள். இருட்டறை. டிவி கூடாது, போன் கூடாது, புத்தகம் கூடாது, தோழிகள் வரக் கூடாது, மாடிப்படி ஏறுவதைக்கூடத் தவிர்க்கவும். தலைவலி பூஜ்யம் ஆகும்வரை.

அந்தத் தாளை நாற்பத்தொரு பிள்ளைகள் வாங்கிக்கொண்டு போனார்கள். நாற்பது பேர் பத்து நாளைக்குள் பூஜ்யம் சொல்லிவிட்டு வெளியே வந்தார்கள். ஒருத்தி மட்டும் வரவில்லை.

அவள் ஜோலீன் ஸ்டிமாக், பதினாறு வயது, கோல் காப்பவள். டுலூத் கல்லூரியிலிருந்து ஆள் அனுப்பி அவள் ஆட்டத்தைப் பார்க்கப்போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. பொய் சொல்ல வராத பிறவி. ஞாயிற்றுக்கிழமை பாவமன்னிப்புக் கூண்டில், தான் மறந்துபோயிருக்கக்கூடிய பாவங்களுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறவள் என்று அவள் அம்மாவே கேலி செய்வாள். அந்த அம்மா ஜன்னல்களில் கறுப்புக் குப்பைப் பைகளை விரித்துப் பிடிக்க, அண்ணன் டேரல் ஆணி அடித்தான். திங்கள்தோறும் லோர்னா போய்க் கட்டிலருகே உட்கார்ந்து எண் கேட்பாள். இருட்டுக்குள்ளிருந்து குரல் வரும். "மூணு." அடுத்த திங்கள், "மூணு." தாளில் பூஜ்யம் என்றுதான் இருந்தது, மூன்று என்று இல்லை. பதினோரு வாரம் ஓடியது. ஜோலீன் வெளியே வந்தபோது ஏரியில் ஐஸ் உருகிவிட்டிருந்தது. டுலூத்காரர்கள் வேறு கோல் காப்பவளைப் பார்த்துவிட்டார்கள். வெளிச்சம் ஆகவில்லை, கூட்டம் ஆகவில்லை, வகுப்பில் அரை மணிக்கு மேல் உட்கார முடியவில்லை. படிப்பு நின்றது.

அது நடந்து பத்தொன்பது வருஷம். ஜோலீன் இப்போது ஊர் ஹாக்கி அரங்கில், கீறல் விழுந்த ஐஸைச் சுரண்டி வெந்நீர் ஊற்றி மீண்டும் கண்ணாடியாக்குகிற வண்டியை ஓட்டுகிறாள். அரங்குக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி, மூக்குவரை இறக்கிய தொப்பி, காதில் சத்தத்தடுப்பு. லோர்னாவைப் பார்த்தால் குளிரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவாள். குளிர் விஷயத்தில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன் லோர்னா டுலூத்தில் ஒரு கருத்தரங்குக்குப் போனாள். வருஷாவருஷம் போகிறதுதான், மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும். அங்கே ஓர் இளம் டாக்டர், எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோல அலுப்போடு சொன்னார்: ஓரிரு நாள் ஓய்வு போதும். அதற்குமேல் இருட்டில் போட்டால் தலைவலி நீளும், தூக்கம் கெடும், மனம் சோரும். சைக்கிளில் ஏற்றுங்கள். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். எந்த நாடித்துடிப்பில் தலைவலி ஏறுகிறதோ அதைக் குறித்துக்கொண்டு, அதற்குச் சற்றுக் கீழே தினமும் இருபது நிமிஷம் மிதிக்க விடுங்கள். வலி இரண்டு மூன்று இருந்தாலும் பரவாயில்லை. மிதிப்பதுதான் மருந்து.

பக்கத்து நாற்காலியில் இருந்தவள், பெமிட்ஜி ஊர்ப் பள்ளியில் இதே வேலை பார்ப்பவள், லோர்னாவின் காதில் முணுமுணுத்தாள். "அப்ப நாம இத்தனை வருஷம் பண்ணது?"

"பாடத்துல இருந்ததைப் பண்ணோம்" என்றாள் லோர்னா. பிறகு மதியச் சாப்பாட்டுக்கு நிற்காமல் கிளம்பிவிட்டாள்.

வீடு வரும் ஒன்றரை மணி நேரத்தில் அவளுக்கு முழுதும் விளங்கியது. அந்த நாற்பது பேரும் பொய் சொல்லி வெளியே வந்து, திருட்டுத்தனமாக ஓடியாடி, தங்களுக்கே தெரியாமல் மருந்தைச் சாப்பிட்டு எப்படியோ தேறிவிட்டார்கள். உண்மை சொன்னவள் மட்டும் படுத்துக் கிடந்தாள்.

அதற்குப்பின் லோர்னா எல்லாவற்றையும் ஒழுங்காகவே செய்தாள். பழைய தாள்களைக் கிழித்துப் போட்டாள். பழைய உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று வாங்கினாள். அவள் அறை முன்பு துடைப்பம் வைக்கிற இடமாக இருந்தது, சைக்கிளை வைத்தால் அவள் வெளியே நிற்க வேண்டும். அதனால் அரங்கின் மாடியில், கண்ணாடிச் சுவர் ஓரம் வைத்தாள். ஒன்றே ஒன்றை மட்டும் செய்யவில்லை. ஜோலீனிடம் சொல்லவில்லை. முதலில் சரியான நேரம் பார்த்தாள். அப்புறம், இவ்வளவு நாள் கழித்து எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். இந்த இரண்டிலுமாக ஐந்து வருஷம் போய்விட்டது.

சைக்கிள் வந்ததில் ஒரு வேடிக்கையும் நடந்தது. பிள்ளை இருட்டறையில் கிடந்த காலத்தில் அவளுக்கு நோய் என்று ஊரே நம்பியது. அக்கம்பக்கத்தார் உருளைக்கிழங்கும் கறியும் சேர்த்துச் சுட்ட பதார்த்தத்தை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். சைக்கிள் மிதிக்கிற பிள்ளைக்கு யாரும் எதுவும் கொண்டுவருவதில்லை. மிதிக்கிறவளுக்கு என்ன நோய்? நோயை வளர்த்த வைத்தியத்துக்கு இருந்த மரியாதை, தீர்க்கிற வைத்தியத்துக்கு இல்லை.

இந்த பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை டேரலின் மகள் ப்ரின், பதினைந்து வயது, ஆட்டத்தின் நடுவில் ஐஸைச் சுற்றியுள்ள பலகைச் சுவரில் மோதி விழுந்தாள். எழுந்து எதிரணி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். லோர்னா எண் கேட்டதற்கு "ஆறு" என்றாள். அத்தை ஜாடை அதில் இருந்தது. டாக்டர் பார்த்தார், இரண்டு நாள் ஓய்வு, பிறகு சைக்கிள் என்று எழுதிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை லோர்னா போன் செய்தபோது, அனுப்புவதாக இல்லை என்று டேரல் சொல்லிவிட்டான். தினமும் போன் செய்தாள், தினமும் அதே பதில். ஏழாம் நாள் நேரில் போனாள்.

கதவைத் திறந்தவன் குரலைத் தாழ்த்தி, "ஷூவைக் கழட்டிடுங்க. சத்தம் ஆகும்" என்றான்.

உள்ளே ஜன்னல்களில் கறுப்புப் பைகள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில், மீன் வடிவக் காந்தத்துக்கு அடியில், மஞ்சளாகிப்போன, ஜோலீனுக்கு அன்று லோர்னா கொடுத்த தாள்.

"இது பழசு, டேரல்."

"கையெழுத்து உங்களுதுதானே?"

"என்னுதுதான். ஆனா இப்ப வேற மாதிரி தெரிஞ்சிருக்கு. படுக்கவச்சா இன்னும் மோசமாகும்."

அவன் அவளைப் பரிவோடு பார்த்தான், வயதான காலத்தில் மேலதிகாரிகள் அவளை ஆட்டிவைக்கிறார்கள் என்று நினைத்தவனைப் போல. "ஜோலீன் பதினோரு வாரம் படுத்தா. படுத்துமே இந்தக் கதி. அப்ப எழுந்து ஓட விட்டிருந்தா உயிரோட இருந்திருப்பாளா? நீங்கதான் அவளைக் காப்பாத்துனீங்க. எங்க அம்மா சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தாங்க."

இருபத்தொன்பது வருஷத்தில் அவளுக்கு இப்படி யாரும் நன்றி சொன்னதில்லை. உள்ளறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. இருட்டுக்குள்ளிருந்து ப்ரின்னின் குரல், யாரும் கேட்காமலே, "அஞ்சு" என்றது. லோர்னா ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் மதியம், அரங்கின் வண்டிக் கொட்டகைக்குப் போனாள். ஜோலீன் சுரண்டிய ஐஸ் தூளைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"ப்ரின்னை எழுப்பணும், ஜோலீன். உன் அண்ணன் நான் சொல்றதைக் கேக்க மாட்டேங்கறான்."

"நீங்க சொன்னதைத்தானே கேட்டிருக்கான்."

இனி சுற்றிவளைக்க இடமில்லை. "அந்தத் தாள் தப்பு" என்றாள் லோர்னா. "உனக்குக் குடுத்ததும் தப்பு."

ஜோலீன் வண்டியின் தொட்டியை மெல்ல இறக்கினாள். "தெரியும். சைக்கிள் வந்த வாரமே தெரியும். குப்பைத் தொட்டி எடுக்க மேல வந்தேன். ஒரு பொண்ணு மிதிச்சிட்டிருந்தா. தலையில அடிபட்டு நாலு நாள்கூட ஆகல. நீங்க எண் கேட்டீங்க. அவ மூணுன்னா. நீங்க, 'நல்லது, மிதி'ன்னீங்க."

லோர்னாவுக்கு அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். தொட்டி எடுக்க வந்தவள் நினைவுக்கு வரவில்லை.

"தினம் ஆறு தடவை ஐஸைத் தேய்க்கறேன்" என்றாள் ஜோலீன். "ஒவ்வொரு சுத்துலயும் அந்த சைக்கிள் கண்ணுல படும். இன்னிக்குச் சொல்லுவாங்க, நாளைக்குச் சொல்லுவாங்கன்னு பாத்தேன். ப்ரின் விழலன்னா சொல்லியிருக்க மாட்டீங்க, இல்ல?"

"மாட்டேன்" என்றாள் லோர்னா.

"சரி. எழுதிக் குடுங்க. அந்தத் தாள் மாதிரியே, முத்திரை, கையெழுத்து எல்லாம் வச்சு. டேரல் வாய்ப்பேச்சை நம்ப மாட்டான். அவனுக்குத் தாள் வேணும்."

பள்ளி முதல்வர் ஹாக்லண்ட் கண்ணியமான மனிதர். முத்திரை தர முடியாது என்பதைச் சொல்ல, தன் வீட்டில் அவளுக்குக் காப்பியும் வால்நட் ரொட்டியும் கொடுத்தார். வக்கீல் ஒத்துக்கொள்ள மாட்டாராம். வேண்டுமானால் 'வழிமுறைகள் புதுப்பிக்கப்பட்டன' என்று எழுதிக்கொள்ளலாம். 'தவறு' என்ற சொல் மட்டும் வேண்டாம். முதல் தாளுக்கு வக்கீலைக் கேட்டார்களா என்றாள் லோர்னா. அப்போது பள்ளிக்கு வக்கீல் இல்லை என்று அவர் உண்மையையே சொன்னார்.

வெள்ளைத் தாளில் கையால் எழுதினாள். ஜோலீன் ஸ்டிமாக்கைப் பதினோரு வாரம் இருட்டில் வைத்தது என் தவறு. அவள் மூன்று என்று சொன்ன முதல் திங்களன்றே எழுந்து நடக்கச் சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கு வந்த கஷ்டத்தில் எவ்வளவு அடியால் வந்தது, எவ்வளவு என்னால் வந்தது என்று எனக்குத் தெரியாது. அடியில் கையெழுத்து, பழைய தாளில் போட்டது போலவே.

ஜோலீன் கொட்டகையில் நின்றபடி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் படித்தாள். இன்னும் எத்தனை பேருக்கு அந்தத் தாளைக் கொடுத்தீர்கள் என்று கேட்டாள். நாற்பது என்றாள் லோர்னா.

"அவங்கெல்லாம் நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க. பொய் சொல்லிட்டு வெளிய வந்துட்டாங்க."

ஜோலீன் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள், தலையைப் பிடித்துக்கொள்ளும்வரை.

அன்று மாலை நடந்ததைப் பிறகு ப்ரின்தான் சொன்னாள். அத்தை ஷூவோடு உள்ளே வந்தாளாம். அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் ஜன்னலாகப் பைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, புதுத் தாளைப் பழையதன்மேல் அதே மீன் காந்தத்தால் ஒட்டிவிட்டுப் போனாளாம். அப்பா நின்றபடியே படித்தாராம். படித்துவிட்டு, உட்கார்ந்து, மறுபடி முதலிலிருந்து படித்தாராம்.

அடியிலிருந்து ஒன்பதாம் நாள் ப்ரின் சைக்கிளில் ஏறினாள். நாடி நூற்று இருபத்து நான்கில் தலைவலி ஏறியது. நூற்றுப் பன்னிரண்டைத் தாண்டாமல் மிதிக்க வைத்தாள் லோர்னா. கீழே போகிறவர்கள் சைக்கிள் பந்தயத்துக்கா போகிறாய் என்று கேலி செய்தார்கள். மிதிக்கிறவளால் ஸ்கேட் பண்ண முடியாதா என்று கோச் வந்து கேட்டுவிட்டு, அது கேள்வி அல்ல என்பதுபோல நின்றார். முடியாது என்றாள் லோர்னா. அந்த வருஷத்து முக்கியமான ஆட்டங்களை ப்ரின் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம், சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தபடி பார்த்தாள். அணி தோற்றது. லோர்னாவால் தோற்றது என்று ஊர் முடிவு கட்டியது. ப்ரின் மட்டும் தினமும் எண்ணைச் சரியாகச் சொன்னாள். நான்கு, மூன்று, மூன்று, இரண்டு. ஐந்தாம் வாரத்தில் மூச்சு முட்ட மிதித்தும் எதுவும் ஏறவில்லை. டேரல் மகளை அழைத்துப் போக வரும்போதெல்லாம் காரை விட்டு இறங்குவதில்லை. ஹாரன் மட்டும் அடிப்பான்.

ஏப்ரலில், அரங்கை மூடுகிற வாரம், ஜோலீன் குப்பைத் தொட்டி எடுக்க மாடிக்கு வந்தாள். லோர்னா சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குளிர் விட்டுவிட்டது என்று ஒருத்தி சொல்ல, விட்டுவிட்டது என்று மற்றவள் சொன்னாள். தொட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் திரும்பியபோது லோர்னா கேட்டாள். பத்தொன்பது வருஷமாகக் கேட்காத கேள்வி.

"உனக்கு இப்ப எவ்வளவு, ஜோலீன்?"

மாடி விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. ஜோலீன் தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பூஜ்யம்" என்றாள்.

அந்தக் குரலை லோர்னாவுக்குத் தெரியும். நாற்பது பேரிடம் கேட்டிருக்கிறாள்.