செத்தவர் முதலில் ஓடினார்

ராணுவத்தில் மருத்துவ அதிகாரியாக இருந்துவிட்டுக் கோயமுத்தூருக்குத் திரும்பிய புதிதில், "அந்த டாக்டரம்மா வெரட்டுவாங்க" என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்திருந்தேன். வடக்கே பனிமலை முகாம்களில் "தூக்கு", "அழுத்து", "நகரு" என்று ஒற்றைச் சொல்லில் பேசிப் பழகிய வாய். இங்கேயோ பைக்கிலிருந்து விழுந்து கால் எலும்பு வெளியே தெரிகிற ஆள்கூட, "ஏனுங்க, சாப்பிட்டுப்போட்டு வாங்க, நான் இருக்கேனுங்க" என்பார். நான் பிறந்து வளர்ந்த ஊர்தான். ஆனாலும் அந்த 'ங்க' என் நாக்கிலிருந்து எப்போதோ கழன்று விழுந்திருந்தது.

எங்கள் பிரிவின் தலைமை நர்ஸ்தான் அதைத் திரும்ப மாட்டிவிட்டார். எங்கள் எல்லோருக்கும் அவர் சிஸ்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர். நல்ல கனத்த குரல். "மேடம், 'நகரு'ன்னா ஒருத்தரும் நகர மாட்டாங்க. 'சித்த நகருங்க சாமி'ன்னு சொல்லிப் பாருங்க, கதவே நகரும்" என்றார். சொல்லிப் பார்த்தேன். நகர்ந்தார்கள்.

அந்த வருடம் எங்கள் விபத்து ஒத்திகைக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலை இடம் கொடுத்தது. முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பத்தைச் சேர்ந்தவர், எதையும் அரைகுறையாகச் செய்யப் பிடிக்காதவர். ஒத்திகை என்று சொன்னதும் தன் ஆட்களில் முப்பது பேரைக் காயம்பட்டவர்களாக நடிக்க அனுப்பிவிட்டார். வாசலில் ஷாமியானா வேறு.

காயம்பட்டவர்கள் கழுத்தில் நான்கு நிறங்களில் அட்டை மாட்டுவோம். சிவப்பு என்றால் உடனே பார்க்க வேண்டியவர். மஞ்சள், கொஞ்சம் பொறுக்கலாம். பச்சை, நடக்கக் கூடியவர். கறுப்பு என்றால் இறந்தவர். கறுப்பு அட்டை ஸ்டோர் பார்க்கிறவருக்குப் போயிற்று. நல்ல வாட்டசாட்டமான ஆள்.

"ஏனுங் டாக்டரம்மா, எனக்கு மட்டும் கறுப்புங்களா?"

"நீங்க செத்துட்டீங்க. சும்மா படுத்திருந்தா போதுமுங்க."

"செத்தே போட்டேனுங்களா! கை ஒடஞ்ச மாதிரி ஏதாச்சும் குடுக்கக் கூடாதுங்களா? என்ர ஊட்டுக்காரிக்குத் தெரிஞ்சா அழுதுபோடுவாளுங்க."

"கை ஒடஞ்சா கத்திட்டே இருக்கோணும். செத்தா நல்லாத் தூங்கலாம்" என்றார் சிஸ்டர்.

அவர் யோசித்துப் பார்த்தார். பிறகு துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வசதியாகப் படுத்தார்.

அந்தத் தொட்டி நான்கு தூண்கள் மேல் உயரமாக நின்றது. அதன் அடிப்பக்கத்தில் முறம் அகலத்துக்கு ஒரு மலைத்தேன் கூடு தொங்கியது தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். தினமும் பார்க்கிற பொருளை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? எங்கள் யாருக்கும் நிமிர்ந்து பார்க்கத் தோன்றவில்லை. தீ விபத்து என்றால் புகை இருக்க வேண்டாமா என்று அவர்களுடைய பாதுகாப்பு அதிகாரி ஓர் இரும்பு டிரம்மில் எண்ணெய் துடைத்த பஞ்சைப் போட்டுக் கொளுத்தினார். புகை கறுப்பாக எழும்பி நேராகத் தொட்டிக்குப் போயிற்று.

விசில் ஊதினேன். நடிகர்கள் அலறத் தொடங்கினார்கள். உண்மையில் பிரமாதமாக அலறினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே வேறொரு சத்தம் கேட்டது, பழைய மோட்டார் சூடேறுவது மாதிரி.

முதலில் எழுந்தவர் செத்தவர்தான். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை. "பூச்சி! பூச்சி!" என்று கத்திக்கொண்டு கறுப்பு அட்டை காற்றில் பறக்க ஓடினார். அவருக்குப் பின்னால் தலையில் கட்டுப் போட்டவர்கள், முதுகெலும்பு முறிந்தவர்கள், ஸ்ட்ரெச்சரில் கட்டப்பட்டிருந்தவர் ஸ்ட்ரெச்சரோடு. முதலாளி கேன்டீன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பதட்டத்தில் தெலுங்கிலேயே கூப்பிட்டார். யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

எனக்கும் வாய் பழையபடி திரும்பிவிட்டது. "உள்ளே ஓடு! முகத்தை மூடு! கையை வீசாதே!" என்று பரேடு மைதானத்துக் குரலில் கத்தினேன். 'ங்க' இல்லையே என்று அன்றைக்கு ஒருவரும் வருத்தப்படவில்லை. என் இடது இமையில் ஒன்று, பொடனியில் இரண்டு கொட்டு வாங்கிக்கொண்டு கடைசியாக நானும் உள்ளே போனேன்.

கதவை மூடிய பிறகுதான் கூட்டத்தைப் பார்த்தேன். வீங்கிய காதுகள், வீங்கிய உதடுகள், திட்டு, சிரிப்பு, அழுகை. சிஸ்டர் ஒரு ரேஷன் கார்டை வாங்கி அதன் விளிம்பால் கொடுக்குகளைச் சுரண்டி எடுக்க ஆரம்பித்தார். நான் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போனேன். சத்தம் போடுகிறவர்களைத் தாண்டிப் போனேன். கத்துவதற்கு மூச்சு இருந்தால் மூச்சு இருக்கிறது என்று அர்த்தம்.

தண்ணீர் டிரம் பக்கத்தில் வெல்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கணுக்கால் சுளுக்கு என்று பச்சை அட்டை கொடுத்திருந்தோம். கழுத்திலும் கையிலும் தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது. முகம் வெளிறி, சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"எத்தனை கொட்டுச்சுங்க?"

"ரெண்டு மூணு இருக்குமுங்க. ஒண்ணுமில்லீங்க. மத்தவங்களப் பாருங்க." குரல் கரகரத்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மூச்சு விசில் அடித்தது.

மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி நூல் மாதிரி ஓடியது.

சிலருக்குத் தேனீ விஷம் ஒத்துக்கொள்ளாது. ஒரு கொட்டே போதும். தொண்டை உள்ளுக்குள் வீங்கி அடைத்துக்கொள்ளும், ரத்த அழுத்தம் விழுந்துவிடும். அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. தொடையில் போட வேண்டும், அப்போதே. மருந்து ஆம்புலன்ஸில் இருந்தது. ஆம்புலன்ஸ் கேன்டீனுக்கு வெளியே, தேனீக்களுக்கு நடுவில் நின்றது.

"நான் போறேன் மேடம்" என்றார் சிஸ்டர். நான் பதில் சொல்வதற்குள் கேன்டீன் மேஜை விரிப்பை உருவித் தலையோடு போர்த்திக்கொண்டு வெளியே போய்விட்டார். ஜன்னல் வழியே பார்த்தேன். பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று முற்றத்தைக் கடந்து போயிற்று.

அவர் திரும்பி வருவதற்குள் வெல்டரின் கண்கள் சொருக ஆரம்பித்தன. படுக்க வைத்துக் காலைத் தூக்கினேன். ராணுவத்தில் குண்டுக் காயங்களைக் கட்டிய கை என்னுடையது. இங்கே, கேன்டீன் தரையில் சாம்பார் வாசனைக்கு நடுவில், அந்தக் கையில் ஓர் ஊசிகூட இல்லை. காலையில் டீ குடிக்கும்போது தன் மகள் காலேஜில் சேர்ந்த கதையை என்னிடம் சொன்ன மனிதர். ஒத்திகைக்கு வந்த ஆள். நான் கூப்பிட்டு வந்த ஆள்.

மருந்துப் பெட்டியும் சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டருமாகச் சிஸ்டர் வந்தார். பேன்ட் துணியின் மேலேயே ஊசியைக் குத்தினேன். ஆக்ஸிஜன் மாட்டினேன். சிஸ்டர் அவர் கையில் நரம்பு தேடி சலைன் ஏற்றினார். முன்னேற்றம் போதாமல் இன்னொரு ஊசி போட்டேன். கூட்டம் மொத்தமும் எங்களைச் சுற்றி நின்றது. செத்தவர் என் தோளுக்கு மேல் குனிந்து, "கண்ணு, மூச்ச இழு கண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இழுத்தார். விசில் மெல்ல இறங்கியது. உதட்டில் நிறம் வந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "சிரமம் குடுத்துப்போட்டேனுங்களா?" என்றார்.

சிஸ்டர் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு கண் முழுதாக மூடிவிட்டிருந்ததால் எது நடந்தது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

தேனீக்கள் அடங்கியதும் எல்லோரையும் மருத்துவமனைக்குக் கொண்டு வந்தோம். அன்று எங்கள் பிரிவில் கட்டில் நிறையப் பம்ப்செட் ஆட்கள். கறுப்பு அட்டையைக் கழற்ற மறந்து ஸ்டோர்காரர் வரிசையில் நிற்க, பணியில் இருந்த புது டாக்டர் குழம்பிப்போய் என்னைத் தேடி வந்தார். வெல்டரை மட்டும் இரவு தங்க வைத்துக் கண்காணித்தோம். காலையில் இட்லி கேட்டார்.

அன்னூரிலிருந்து அவர் மனைவி வந்திருந்தார். இன்னொரு முறை கொட்டினால் ஆஸ்பத்திரி வரும்வரை காத்திருக்க முடியாது, அட்ரினலின் வீட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லி, ஊசி போடக் கற்றுக்கொடுக்க ஒரு சாத்துக்குடியை எடுத்து வைத்தேன். அந்த அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஓங்கி ஒரு குத்து. சாறு என் வெள்ளைக் கோட்டில் தெறித்தது.

கட்டிலில் இருந்தவர் கலவரத்தோடு எழுந்து உட்கார்ந்தார்.

"அம்மணி, அது பழம். நான் ஆளு. சித்த மெதுவா."

"நீங்க சும்மா இருங்க" என்றார் மனைவி. "டாக்டரம்மா, இன்னொரு பழம் குடுங்க."