பத்து எம்.எம். போட்ட வீடு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கினார்கள்... இறங்கினார்கள்... இறங்கிக்கொண்டே இருந்தார்கள். இருபத்தேழு பேர்! எங்கள் கடலூர் வீட்டு ஹாலில் ஏழு பேர் உட்காரலாம். எட்டாவது ஆள் வந்தால் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவது வழக்கம்.

வந்தவர்கள் சிதம்பரத்துப் பெண் வீட்டார். என் மகனுக்கு வயது முப்பத்திரண்டு. இதற்கு முன் நாலு இடம் வந்தது. வீட்டைப் பார்த்ததும், ‘கலந்து பேசிட்டு சொல்றோம்’ என்று போனவர்கள் இன்னும் கலந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். இதுவும் தட்டிப்போனால்?

அதனால்தான், வேன் வருவதற்கு மூன்று நாள் முன், “வீட்ட ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க, பொண்ணும் பாக்கட்டும்” என்று அவர்கள் கேட்டதும் என் மனைவியின் தம்பி சேகரைக் கூப்பிட்டேன். விற்பனைக்கு வரும் வீடுகளை உள்ளே புகுந்து வீடியோ எடுப்பது அவன் தொழில். பையிலிருந்து இரண்டு லென்ஸ்களை எடுத்து வைத்தான்.

“பதினாறு எம்.எம். போட்டா ரூம் ஓரளவுக்கு உள்ளபடி தெரியும் மாமா. பத்து போட்டா ஜாஸ்தி அகலமா காட்டும். ஆனா ஓரத்துல இருக்கறதெல்லாம் இழுத்துக்கும். எது போடட்டும்?”

இதெல்லாம் ஒரு கேள்வியா?

“பத்தே போடு மச்சான். அதவிட சின்ன நம்பர் எதனா இருக்கா?” என்றேன்.

வீடியோவைப் பார்த்து அசந்துபோனேன். என் ஹாலா இது — கல்யாண மண்டபம்! அடுப்படியிலிருந்து பூஜை அறைக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும் போலிருந்தது. ஓரத்தில் நின்ற என் தலை மட்டும் பண்ருட்டிப் பலாப்பழமாக நீண்டிருந்தது. போகட்டும், கல்யாணம் எனக்கா? அனுப்பிவிட்டேன்.

அந்த மண்டபத்தை நம்பித்தான் இந்த வேன்!

“அவ்ளோ பெரிய எடமாச்சே... ஒருத்தரையும் வுட்டுட்டு வரக்கூடாதுன்னு அல்லாரையும் கூட்டியாந்துட்டோம்” என்றார் பெண்ணின் அப்பா. ஏழு பேர் உள்ளே. மற்றவர்கள் தெருவில், பக்கத்து வீட்டு நாற்காலிகளில். அவர் எழுந்து ஹாலில் நடந்து பார்த்தார். நாலே எட்டில் எதிர்ச்சுவர் வந்துவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தார்.

மானம் போயிற்று. “அது... லென்ஸுங்க. நான்தான் அகலமா காட்டச் சொன்னேன். தப்புதாங்க” என்று உளறிவிட்டேன். மகன் தலையைக் குனிந்துகொண்டான். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

பெண்ணின் அப்பா போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

“ஏம்மா... ‘வேலைக்கும் போயிட்டு வந்து அவ்ளோ பெரிய வீட்ட யாரு பெருக்கறது’ன்னு ரெண்டு நாளா மூஞ்சத் தூக்கி வெச்சிருந்தியே? நேர்ல பாத்துட்டேன். சின்ன வீடுதாம்மா! தைரியமா சரின்னு சொல்லு.”

சொல்லிவிட்டாள். இருபத்தேழு பேரும் கை நனைத்துவிட்டுத்தான் வேன் ஏறினார்கள் — நாலு பந்தியாக.

இந்த வீட்டை முப்பது வருஷமாகப் பெருக்குகிறவள் என் மனைவி. எந்த லென்ஸ் போடலாம் என்று அவளை ஒரு வார்த்தை கேட்டேனா?