வாசலுக்கு வந்த வகுப்பு

கணக்கு டீச்சர் பல வருடங்களாக அரசுப் பள்ளியில்தான் குப்பை கொட்டுகிறார். பாடம் நடத்தியதற்குச் சாட்சியாக, தினமும் வகுப்பைப் படமெடுத்து, எடுத்த கையோடு மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. வகுப்பறைக்குள் சிக்னல் வராது. மழை மட்டும் தாராளமாக வரும். எனவே பிள்ளைகள் கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். படம் போய்ச் சேர்வதற்குள் மணி அடித்துவிடும். பாடமா? அதை யார் கேட்டார்கள்!

ஒருநாள் அதிகாரியே நேரில் வந்து நின்றார். வாசலில் வகுப்பைப் பார்த்ததும் பூரித்துப்போனார்.

"திறந்தவெளி வகுப்பு! பிரமாதம்மா! எல்லா ஸ்கூலும் இப்படித்தான் நடத்தணும்."

இதுதான் சமயம் என்று டீச்சர் கேட்டார்: "சார், கிளாஸ்ல கூரை ஒழுகுது. கொஞ்சம் சரிபண்ணிக் குடுத்தீங்கன்னா..."

"நீங்கதான் உள்ளயே இருக்கறதில்லையேம்மா, உங்களுக்கு எதுக்குக் கூரை?"