அத்தை புத்தகத்தின் கடைசி ஃபாரம்

சொந்தக் காசில் புத்தகம் போடப் போகிறேன் என்று யாராவது யோசனை கேட்டு வந்தால், முதலில் அவர்களுக்குக் காப்பி கொடுப்பேன். பிழை திருத்திப் பக்கம் அமைத்துக் கொடுப்பது என் தொழில் என்பதால் மாதத்துக்கு இரண்டு பேராவது வந்துவிடுகிறார்கள். காப்பி குடித்து முடித்ததும், அச்சகத்திலிருந்து கட்டு வந்தால் ஒரு பிரதியை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விட வேண்டும் என்பேன். வந்தவர் முகம் வாடிவிடும். அட்டையை யார் வரைவார்கள், விழாவுக்கு யாரைக் கூப்பிடலாம் என்று கேட்க வந்தவரிடம் பக்கத்தைப் புரட்டச் சொன்னால் வாடாமல் என்ன செய்யும்? ஆனால் இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த பெரிய விஷயம் அதுதான். அது என் அத்தையின் புத்தகத்தால் தெரிந்தது.

அத்தை அப்பாவின் அக்கா. கல்யாணம் வேண்டாம் என்று ஒரு முறை சொன்னவள். அதற்குப் பிறகு எத்தனை முறை கேட்டும் அதே பதிலைச் சொன்னவள். பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் இரண்டு அறை வீட்டில்தான் இருந்தாள். காலையில் பஸ் பிடித்துப் பொம்மனஹள்ளிக்குப் போய், ஒரு கார்மெண்ட் ஃபாக்டரியில் நாள் முழுக்கச் சட்டைக் காலர் தைத்துவிட்டு, பொழுது சாய்ந்து வருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதுவாள். பத்திரிகைகளுக்கு அனுப்பிய கதைகளெல்லாம் போன சுருக்கில் திரும்பி வந்தன. கடைசியாக ஒரு நாவல் எழுதினாள். அவள் ஃபாக்டரியைப் போன்ற ஒரு ஃபாக்டரியில் நடக்கிற கதை. அதை யாருக்கும் அனுப்பவில்லை. சீட்டுப் பணம் கைக்கு வந்ததும், நானே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். சித்தப்பாவோ அந்த நிமிஷமே பதிப்பாளர் ஆகிவிட்டார். சித்தப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். பெங்களூரில் அவருக்குத் தெரியாத சந்தும் இல்லை, தெரியாத விஷயமும் இல்லை. சிவாஜிநகரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஓர் அச்சகத்துக்காரர் அவருடைய வாடிக்கைச் சவாரி. அந்த அச்சகம் அதுவரை ஒரு புத்தகமும் போட்டதில்லை. அதனாலென்ன, பத்திரிகையும் பேப்பர்தான், புத்தகமும் பேப்பர்தான் என்றார் சித்தப்பா. ஐந்நூறு போட்டாலும் ஆயிரம் போட்டாலும் செலவில் பெரிய வித்தியாசம் வராது என்று அச்சகத்துக்காரர் சொல்ல, ஆயிரம் என்று முடிவாயிற்று. இன்றைக்கும் அச்சகங்களில் இதைத்தான் சொல்கிறார்கள். செலவில் வித்தியாசம் வராது, வாஸ்தவம். கட்டிலுக்கடியில் இருக்கிற இடத்தில்தான் வித்தியாசம் வரும்.

அட்டைக்கும் செலவு வைக்கவில்லை. கல்யாணப் பத்திரிகைக்கென்று வைத்திருந்த படம் ஒன்று அச்சகத்தில் மிச்சமிருந்தது. இரண்டு அன்னப்பறவைகள் கழுத்தோடு கழுத்து சேர்த்து நிற்க, சுற்றிலும் ரோஜாப்பூ.

"ஃபாக்டரிக் கதைக்கு எதுக்குடா அன்னம்?" என்று அத்தை கேட்டாள்.

"அட்டைதான்க்கா விக்கும். உள்ள என்ன இருக்குன்னு யாரு பாக்கப்போறாங்க?" என்றார் சித்தப்பா.

அவர் வாயில் என்ன இருந்ததோ, அப்படியே பலித்தது.

ஆயுத பூஜைக்கு அச்சகம் மூடுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று அவசரம் அவசரமாகத் தைத்து ஒட்டினார்கள். பூஜையன்று மிஷினை ஓட்ட மாட்டார்கள். பைண்டரும் ஊருக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். கட்டுகள் கைக்கு வந்தபோது அத்தையின் ஃபாக்டரியில் பூஜைக்கு நேரமாகிவிட்டது. சித்தப்பா வாழைக்கன்று கட்டிய ஆட்டோவில் கட்டுகளை ஏற்றி, அத்தையையும் ஏற்றி, கூடவே என்னையும் ஏற்றிக்கொண்டு நேரே பொம்மனஹள்ளிக்கு விட்டார். தையல் மிஷின்களுக்கெல்லாம் குங்குமம் வைத்துச் செவ்வந்திப் பூச் சுற்றியிருந்தார்கள். சாமி படத்துக்கு முன்னால் கத்தரிக்கோல், ஊசிப் பெட்டி இவற்றோடு அத்தையின் புத்தகங்களையும் அடுக்கினார்கள். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். பிறகு பொரி, கடலை, ஸ்வீட் பாக்ஸ், அதோடு ஆளுக்கொரு புத்தகம். தமிழ் படிக்கத் தெரியாத கன்னடக்காரப் பெண்களும் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார்கள். பூஜையில் வைத்தது ஆயிற்றே. எங்கள் தெருவுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொடுத்தது போக மீதி கட்டிலுக்கடியில் போயிற்று.

ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. பூஜையில் வைத்த புத்தகத்தை அன்றைக்குப் படிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அத்தையே பிரிக்கவில்லை. ஒரு பிரதியை மடியில் வைத்துக்கொண்டு அட்டையை மட்டும் தடவிக்கொண்டிருந்தாள். அன்னத்தைப் பார்த்தவர்கள், யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்கள். எட்டு வயது எனக்கு. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற இடத்தில் அடித்து, அன்னம் போட்டு, ஸ்வீட்டோடு கொடுத்தால் அது வேறென்னவாக இருக்க முடியும்? அத்தைக்குத்தான் கல்யாணம் என்று எனக்குள் தீர்மானமாகிவிட்டது.

மறுநாள் விஜயதசமி காலையில் குளித்துவிட்டு வந்து அத்தை புத்தகத்தைப் பிரித்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் முந்திய பக்கங்களைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு இன்னொரு பிரதியை எடுத்தாள். அப்புறம் இன்னொன்று. புத்தகம் பதினாறு பதினாறு பக்கமாகத்தான் அச்சாகும். ஒவ்வொரு பதினாறும் ஒரு ஃபாரம். அச்சகத்தில் கடைசிக்கு முந்திய ஃபாரத்தைத் தவறுதலாக இரண்டு மடங்கு அடித்திருக்க, பைண்டர் கடைசி ஃபாரத்தை விட்டுவிட்டு, எல்லாப் பிரதியிலும் முந்தியதையே இரண்டு தடவை வைத்துத் தைத்திருந்தார். கனம் சரியாக இருந்தது. கதைக்கு மட்டும் முடிவு இல்லை.

அச்சகத்துக்காரர் விட்டுப்போன ஃபாரங்களை மடித்தபடியே கட்டாகக் கட்டி அனுப்பிவைத்தார். அந்தக் கட்டுகள் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் இடம் பிடித்தன. வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சித்தப்பா குற்ற உணர்ச்சியோடு ஆட்டோ சாவியை எடுத்தார். அத்தை தடுத்துவிட்டாள்.

"கேக்கறவங்களுக்குக் குடுக்கலாம். கேக்காதவங்களுக்கு முடிவு எதுக்குடா?"

அதன் பிறகு தினமும் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அம்மாவிடம், "யாராச்சும் வந்தாங்களா அண்ணி?" என்று கேட்பாள். அம்மா வயதில் சின்னவள்தான், ஆனாலும் இருவரும் ஒருவரையொருவர் அண்ணி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். யாரும் வரலை அண்ணி என்பாள் அம்மா. அத்தை முகம் கழுவப் போய்விடுவாள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஏன் இவ்வளவு நாள் பண்ணுகிறார்கள் என்று எனக்குக் கோபமாக வரும்.

கேட்க யாரும் வரவில்லையே தவிர, பாராட்டுக்குக் குறைவில்லை. ஃபாக்டரியில் ஒரு பெண், முடிவு சூப்பர் அக்கா என்றாளாம். சந்தாபுராவிலிருந்து வந்த பெரியப்பா, கடைசியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்றார். அத்தை அவருக்கு இன்னொரு தோசை வைத்தாள். ஒரு நாள் சாப்பிடும்போது அப்பாவும், "முடிவு நல்லா பண்ணியிருக்கேக்கா" என்றார். ஃபாரம் விட்டுப்போன விஷயம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்றுதான் அம்மா நினைத்திருந்தாள். அப்பா காதில் அது விழவேயில்லை போலிருக்கிறது. அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அத்தை சிரிக்கவில்லை. அப்பா தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. கதையில் ஒரு சூப்பர்வைசர் வருகிறாள், ஈவு இரக்கமில்லாதவள். காய்ச்சலில் கிடக்கிற பெண்ணையும் டார்கெட் டார்கெட் என்று விரட்டுகிறவள். அத்தையின் லைனில், அதாவது அவள் உட்காருகிற தையல் வரிசையில், இருந்த சூப்பர்வைசரம்மாவைத் தெரிந்தவர்களுக்கு அது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசி ஃபாரத்தில் அவளைப் பற்றி வேறொன்று இருந்தது. அதுதான் டிரம்முக்குப் பக்கத்தில் கிடந்ததே. அந்த அம்மா கோலார் தங்கவயலில் பிறந்து தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவர் இந்தப் புத்தகத்தைப் படித்தால் தன் வேலை போய்விடும் என்று அத்தைக்கு ஒரு பக்கம் பயம். யாராவது படிக்க மாட்டார்களா என்று இன்னொரு பக்கம் ஏக்கம். தீபாவளியும் வந்து போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் ஓர் அம்மா வந்து நின்றார். நல்ல பட்டுக்கரைப் புடவை, கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி, கையில் அன்னம் போட்ட புத்தகம். மாப்பிள்ளையின் அம்மா என்று எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பிறந்தநாள் ஃபிராக்கை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து நின்றேன். அத்தையோ பார்த்த மாத்திரத்தில் எழுந்து நின்றாள்.

"வாங்க மேடம்."

வந்தவர் உட்காரவில்லை. "இதுல வர்ற சூப்பர்வைசர் நான்தானே?" என்றார்.

"கதை மேடம்."

"கதைன்னா என் கண்ணாடிக் கயிறு எப்படி உள்ள வந்துச்சு?"

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமா மேடம். நீங்கதான்."

அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, அக்காவுக்கு விவரம் பத்தாது, மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தார். அந்த அம்மா அவரைக் கையமர்த்திவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். விரல் வைத்து அடையாளம் பண்ணியிருந்தார்.

"அந்தப் பொண்ணு ஜுரத்தோட வீட்டுக்குப் போயிடறா. அவ தைக்கவேண்டிய காலர் பண்டில் பாதியில மிஷின்லயே கிடக்கு. சரி. திருப்பினா, படிச்சதே மறுபடியும் வருது. அதோட புக்கு முடிஞ்சுபோச்சு. ரெண்டு தரம் படிச்சேன். எங்கயாச்சும் விட்டுட்டேனோன்னு மூணாந்தரமும் பாத்தேன். அப்புறம் என்னம்மா ஆச்சு? நான் என்ன பண்ணேன்?"

 அத்தை டிரம்முக்குப் பக்கத்துக் கட்டு ஒன்றிலிருந்து ஒரு ஃபாரத்தை உருவினாள். பக்கங்கள் வெட்டாமல் ஓரத்தில் ஒட்டியிருந்தன. காய் நறுக்குகிற கத்தியை எடுத்து ஒவ்வொரு மடிப்பாகக் கிழித்தாள். அவசரத்தில் ஒரு பக்கம் கோணலாகக் கிழிந்தது.

சூப்பர்வைசரம்மா ஜன்னலோரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு படித்தார். உதடு அசைத்துத்தான் படித்தார். அம்மா வைத்த காப்பியில் ஆடை படிந்தது. ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் போன பிறகு, கதையில் வருகிற சூப்பர்வைசர் அந்தப் பெண்ணின் மிஷினில் தானே உட்கார்ந்து, மிச்சக் காலர்களையெல்லாம் தைத்து, பண்டிலில் அந்தப் பெண்ணின் பெயரையே எழுதி வைத்துவிட்டுப் போகிறாள். அதோடு கதை முடிகிறது.

படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "இத நீ பாத்தியா?"

"டிபன் கேரியர மறந்துட்டேன்னு திரும்பி வந்தேன் மேடம்."

"யார்கிட்டயும் சொல்லலியே."

"புக்ல சொல்லியிருந்தேன் மேடம். பைண்டர் விட்டுட்டார்."

அந்த அம்மா சிரித்தாரா என்று எனக்கு ஞாபகமில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டது ஞாபகமிருக்கிறது. ஆறிப்போன காப்பியை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு கட்டைக் காட்டி, "சும்னே, சும்மாதான கெடக்குது, இத குடு. நாளைக்கு லைன்ல நானே எல்லாருக்கும் குடுக்கறேன். படிக்காம எவளும் வீட்டுக்குப் போகக் கூடாது. தமிழ் தெரியாதவங்களுக்கு நான் கன்னடத்துல சொல்றேன்" என்றார். வாசல்படி இறங்கும்போது திரும்பி, "அதுக்காக நாளைக்கு லேட்டா வந்துராத" என்று ஒரு அதட்டும் போட்டார். சித்தப்பாதான் கட்டுகளோடு அவரை ஆட்டோவில் கொண்டுபோய் விட்டார். வாடகை வாங்கவில்லை. அவர் வாழ்க்கையில் அப்படிச் செய்தது அபூர்வம்.

அத்தை சமையலறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். நான் அவளை அப்படிப் பார்த்ததேயில்லை. திரும்பி வந்த கதைகளுக்கெல்லாம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள். இத்தனை நாள் காத்திருந்து, வந்தவர்களும் கையை விரித்துவிட்டார்கள் என்று எனக்குப் பொறுக்க முடியவில்லை. அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேணாம்னு சொல்லிட்டாங்களா அத்தை?"

அத்தைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அழுகையோடு சிரிப்பும் சேர்ந்து வந்தது. குனிந்து என் ஃபிராக்கின் காலரைச் சரிசெய்தாள்.

"இல்லடி. பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டாங்க."

எனக்கு அது போதுமாயிருந்தது. தெருக்கோடிவரை ஓடி, அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த சில வாரங்கள் குழாயடியிலும் பஸ் ஸ்டாப்பிலும் அத்தையை நிறுத்தி, முகத்தில் இத்தனை களை வந்துவிட்டதே, தேதி என்றைக்கு என்று கேட்டவர்களிடம், அவள் ஒரு தடவைகூட இல்லை என்று சொல்லவில்லை.